அடக்கி வாசித்தவர்கள்: லோ இசைக்குழுவைப் பற்றி

மெதுநடை:

லோ இசைக்குழுவைப் பற்றி எவர் எழுதினாலும் மெதுவான இசை, மெல்லிய இசை, மிகக் குறைந்த கருவிகள் என்றுதான் தொடங்குகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்களைக் கேட்டுவரும் எனக்கு இந்த மூன்றிலும் உண்மை இருப்பதாகவே படுகிறது. ஆனால் இந்த மூன்றை மட்டும் நம்பிக் கேட்கத் தொடங்கும் ஒருவர், 1994இல் வந்த முதல் ஆல்பத்தையும் 2018இல் வந்த, இரைச்சல் நிரம்பிய 'டபுள் நெகட்டிவ்' ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டையும் செய்தவர்கள் ஒருவரே என்பதை எப்படி ஏற்பார் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக இருக்கிறது. அதைப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் இருக்கும் துலூத் என்ற துறைமுக நகரில் 1993இல் உருவான குழு இது. இரும்புத்தாது ஏற்றும் நீண்ட கப்பல்கள் வந்துபோகும் ஊர். குளிர்காலம் நீளமானது, கொடியது. கிட்டார் வாசித்துப் பாடிய ஆலன் ஸ்பார்ஹாக்கும், டிரம்ஸ் வாசித்துப் பாடிய மிமி பார்க்கரும் கணவன் மனைவி. தொடக்கப்பள்ளி நாள்களிலிருந்தே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பேஸ் கிட்டார் மட்டும் கைமாறிக்கொண்டே வந்தது. முதல் ஆல்பத்தில் ஜான் நிக்கல்ஸ், அதன்பின் பத்தாண்டுக்கு மேல் சாக் சாலி, பிறகு மாட் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் காரிங்டன் என்று நால்வர் வாசித்தார்கள். கடைசி ஆல்பத்தில் அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் இருவருமே நின்றார்கள்.

அவர்கள் எந்த நேரத்தில் தொடங்கினார்கள் என்பதும் முக்கியம். 1991இல் வந்த நிர்வாணா குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்குப் பிறகு, உறுமும் கிட்டாரும் தொண்டை கிழியும் அலறலும் அமெரிக்க ராக் இசையை ஆண்டுகொண்டிருந்தன. அந்த இசைக்குப் பழகிய அரங்குகளில்தான் இவர்கள் ஏறி நின்று, ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் இடையில் கூட்டத்தின் பேச்சுக்குரல் கேட்கும் அளவுக்கு மெதுவாக வாசித்தார்கள். கூட்டம் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தால் எந்தக் குழுவும் ஒலியைக் கூட்டித்தான் அதை வெல்லப் பார்க்கும். இவர்கள் ஒலியை இன்னும் குறைத்தார்கள். பேசியவர்களுக்குத் தங்கள் குரலே பெரிதாகக் கேட்கத் தொடங்கும்போது அவர்களாகவே அடங்கினார்கள். பல ஊர்களில் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

முதல் ஆல்பத்தில் பதினொரு பாடல்கள். பதினொன்றுக்கும் ஒரே ஒரு சொல்தான் தலைப்பு. அந்த அளவுக்குச் சிக்கனம். நம் மொழியில் 'அடக்கி வாசிப்பது' என்று ஒரு வழக்கு இருக்கிறது. கையில் வலிமை இருந்தும் அதைக் காட்டாமல் வைத்திருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். வலிமை இல்லாதவன் அடக்கி வாசிக்க முடியாது. லோவின் மெதுவையும் மெல்லிய ஒலியையும் இந்தச் சொல்லால் விளக்கலாம் என்று நினைக்கிறேன். அப்படியானால் 2018இல் அவர்கள் செய்தது எந்தக் கணக்கில் வரும்? உங்கள் கருத்துகளைக் கேட்க விரும்புகிறேன்.

தோல்கருவி:

நான் டிரம்ஸ் கற்றுக்கொள்பவன் என்பதால் மிமி பார்க்கரின் இடத்திலிருந்து பேசுகிறேன். இந்தக் குழுவைப் பற்றிய கேள்விக்கு விடை அவருடைய கருவிகளில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

வழக்கமான டிரம்ஸ் வாசிப்பவர் உட்கார்ந்துதான் வாசிப்பார். வலது கால் கிக் டிரம் என்ற பெரிய டிரம்மின் மிதியில் இருக்கும், இடது கால் ஹை-ஹேட் என்ற இரட்டைத் தட்டின் மிதியில் இருக்கும், இரண்டு கைகளும் மற்ற எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டிருக்கும். நான்கு உறுப்புகளும் வேலை செய்யும்போது காலத்தை அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு கை தவறினாலும் ஒரு கால் தாங்கிப் பிடிக்கும். பார்க்கர் நின்றுகொண்டு வாசித்தார். ஒரு ஸ்நேர் (சிறிய டிரம்), ஒரு ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் ஆழ்ந்த ஒலி டிரம்), ஒரு சிம்பல் (உலோகத் தட்டு); கையில் குச்சிக்குப் பதில் பெரும்பாலும் பிரஷ். மிதி கிடையாது. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் மோ டக்கர் 1960களில் நின்றே வாசித்தவர் என்பதால் இதற்கு முன்னோடி உண்டு. ஆனால் டக்கர் அந்த எளிமையை இடைவிடாத உந்துதலுக்குப் பயன்படுத்தினார், பார்க்கர் அதே எளிமையை இடைவெளிக்குப் பயன்படுத்தினார்.

வேகமாக வாசிப்பதுதான் கடினம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் ஆல்பத்தின் தொடக்கப் பாடலுக்குக் கூடவே வாசித்துப் பார்த்த நாளில் அந்த எண்ணம் போய்விட்டது. வேகமான தாளத்தில் அடுத்த தட்டல் எங்கே விழ வேண்டும் என்பதை முந்தைய தட்டலே சொல்லிவிடும். தாளம் மெதுவாகும்போது இரண்டு தட்டல்களுக்கு நடுவே உள்ள வெளி நீண்டு, கை அங்கே தனியாக நிற்கிறது. முந்திக்கொள்ள வேண்டும் என்ற ஆசை உடம்பிலேயே எழுகிறது. சற்று முந்தினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் அந்தப் பிழையை மறைக்க வேறு ஒலியே அங்கே இல்லை. பார்க்கர் இந்த வேலையைச் செய்துகொண்டே பாடினார். அதுவும் நீண்ட மூச்சு தேவைப்படும் வரிகளை. பாட்டின் மூச்சு ஒரு பக்கம் இழுக்க, கை இன்னொரு பக்கம் காத்திருக்க வேண்டும். இதை நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன்.

ஆகவே, மெதுநடை சொன்ன 'அடக்கி வாசிப்பது' என்ற சொல்லை அப்படியே ஏற்கிறேன். 2018 ஆல்பத்தைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும். எனக்கு அது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

இரைச்சல்விரும்பி:

நான் இந்தக் குழுவுக்குள் பின்வாசல் வழியாக வந்தவன். 'டபுள் நெகட்டிவ்'தான் நான் கேட்ட முதல் லோ ஆல்பம். அதிலிருந்து பின்னோக்கி நடந்து 1994க்குப் போய்ச் சேர்ந்தேன். அதனால் உங்களுக்கு இருக்கும் அதிர்ச்சி எனக்கு நேர்மாறாக இருந்தது. இவ்வளவு வெறுமையான இசையிலிருந்தா அந்தப் புயல் கிளம்பியது என்று வியந்தேன்.

அந்த ஆல்பம் விஸ்கான்சின் மாநிலத்தின் ஓ க்ளேர் நகருக்கு அருகில், பான் ஐவர் இசைக்குழுவால் புகழ்பெற்ற ஜஸ்டின் வெர்னனுக்குச் சொந்தமான ஏப்ரல் பேஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானது. பீ. ஜே. பர்ட்டன் என்ற தயாரிப்பாளரோடு அவர்கள் செய்த மூன்று ஆல்பங்களில் இது இரண்டாவது. 2015இல் வந்த 'ஒன்ஸ் அண்ட் சிக்ஸஸ்' முதலாவது, 2021இல் வந்த 'ஹே வாட்' மூன்றாவது. ஒலிப்பதிவில் ஒரு பழைய உத்தி இருக்கிறது. ஓர் ஒலி எழும்போதெல்லாம் மற்ற ஒலிகள் தாமாகத் தாழ்ந்து, அது ஓய்ந்ததும் மறுபடி எழும்படி கம்ப்ரெஸர் என்ற ஒலியளவைக் கட்டுப்படுத்தும் கருவியை அமைப்பார்கள். நடன இசையில் கிக் டிரம் துடிக்கும்போது மற்ற எல்லாமே மூச்சு வாங்குவதுபோல் கேட்பது இதனால்தான். 'டபுள் நெகட்டிவ்' கேட்கும்போது இந்தத் துடிப்பை முழுப் பாடலுக்கும் கட்டவிழ்த்துவிட்டதுபோல் இருக்கிறது. இரைச்சல் எழும்போது குரல் மூழ்குகிறது; இரைச்சல் பின்வாங்கும்போது குரல் ஒரு கணம் தலைதூக்கி எதையோ சொல்ல வருகிறது; சொல்லி முடிப்பதற்குள் மறுபடி அலை வந்துவிடுகிறது. முதல் மூன்று பாடல்களும் இடைவெளியின்றி ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன. மூன்றாவது பாடலில் பார்க்கரின் குரல் மேலே எழும்போது, நீருக்கடியிலிருந்து வெளியே வந்து காற்றை உள்ளே இழுப்பதுபோல் இருக்கும். அந்த ஒரு கணத்துக்காகவே நான் அந்த ஆல்பத்தைப் பலமுறை முதலிலிருந்து கேட்டிருக்கிறேன்.

என் பார்வையில் 1994இலும் 2018இலும் அவர்கள் செய்தது ஒரே வேலைதான். பாட்டு ஒன்று இருக்கிறது. அதை முழுமையாக உங்கள் கையில் கொடுக்காமல் ஏதோ ஒன்றால் தடுத்து வைக்கிறார்கள். அன்று தடுத்தது மௌனம், இன்று தடுப்பது இரைச்சல். கேட்பவர் இரண்டு முறையும் காதை முன்னே நீட்ட வேண்டியிருக்கிறது. சத்தமாக இருக்கும் ஓர் ஆல்பத்தைக் குனிந்து, கூர்ந்து கேட்க வைப்பது எளிதான காரியமன்று.

கடைசிப்பேருந்து:

இங்கே எல்லோரும் ஒருமித்துப் பாராட்டுவதால் என் தடுமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழுவின் முதல் மூன்று ஆல்பங்களையும் பொறுமையாகக் கேட்டேன். அழகாக இருக்கின்றன, ஆனால் நான்காவது பாடலுக்குப் பிறகு எனக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்கிறது. குறைவாகச் செய்வதை நாம் ஆழம் என்று எண்ணிக்கொள்கிறோமோ என்ற ஐயம் வருகிறது. இரண்டு சுரங்களை வாசித்துவிட்டு நான்கு நொடி காத்திருந்தால், அந்த நான்கு நொடியில் கேட்பவர் தம் சொந்தத் துயரத்தை எடுத்து வைத்துக்கொள்வார். அந்த ஆழம் பாட்டுடையதா, கேட்பவருடையதா?

இன்னொன்று. நியூயார்க்கின் கோடீன் குழு 1990லேயே இதே மெதுவான நடையில் முழு ஆல்பம் வெளியிட்டுவிட்டது. பாஸ்டன் பக்கத்து கேலக்ஸி 500 அதற்கும் முன்னால். டெக்சஸ் மாநிலத்தின் பெட்ஹெட் குழுவும் லோவின் சமகாலத்தவர்கள்தான். ஸ்லோகோர் என்று இவர்கள் எல்லோரையும் ஒரே பெயரில் அழைக்கிறார்கள். இவர்களிலிருந்து லோவைப் பிரித்துக்காட்டுவது எது என்று யாராவது சொன்னால் மறுபடி முயன்று பார்க்கிறேன்.

மெதுநடை:

நண்பர் கடைசிப்பேருந்துவின் இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேலக்ஸி 500இன் மூன்று ஆல்பங்களையும் தயாரித்தவர் கிரேமர். லோவின் முதல் இரண்டு ஆல்பங்களையும் அவரே தயாரித்தார். ஆகவே அந்த எதிரொலி நிறைந்த ஒலியில் உறவு இருப்பது உண்மை. கோடீன் குழுவின் மெதுவில் ஒரு பாரம் உண்டு: கிட்டார் ஓங்கி விழும், குரல் களைத்துப்போன ஒருவருடையதாக இருக்கும். ஸ்லோகோர் என்ற பெயரை ஸ்பார்ஹாக் விரும்பியதில்லை. எனக்கும் அந்தப் பெயர் உதவியதில்லை, ஏனென்றால் அது வேகத்தை மட்டும் அளக்கிறது. லோவைப் பிரித்துக்காட்டுவது இரண்டு குரல்கள்.

ஒருவர் பாட மற்றவர் துணைக்குப் பாடுவது வேறு. லோவின் பல பாடல்களில் இருவரும் ஒரே சொல்லை ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிப்பார்கள். சுருதி மட்டும் பிரிந்து நிற்கும். எது முதன்மையான மெட்டு, எது துணை மெட்டு என்று கேட்பவரால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இருவரும் மார்மன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கூட்டு வழிபாட்டில் பாடிப் பழகிய குரல்கள் என்பதை யாரும் சொல்லாமலே காது கண்டுகொள்ளும். மேடையில் அதிர்வைக் கூட்டிப் பாடும் பழக்கம் பார்க்கருக்கு அறவே இல்லை. நேராக எழுந்து நேராக நின்று நேராக இறங்கும் குரல். இரண்டு நேரான குரல்கள் அடுத்தடுத்து நிற்கும்போது நடுவில் மூன்றாவது ஒன்று ஒலிப்பதுபோல் தோன்றும். கருவிகள் குறைவாக இருந்ததன் பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த மூன்றாவது ஒலி கேட்க வேண்டுமென்றால் மற்றவை விலகி இடம் விட்டாக வேண்டும்.

எல்லாம் ஒன்றாகக் கேட்கிறது என்ற குறைக்கு விடையாக, முதல் மூன்று ஆல்பங்களைத் தாண்டி 1999இல் வந்த 'சீக்ரெட் நேம்', 2001இல் வந்த 'திங்ஸ் வீ லாஸ்ட் இன் தி ஃபயர்' இரண்டையும் கேட்கும்படி வேண்டுகிறேன். இரண்டையும் பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பினி. தம்மைத் தயாரிப்பாளர் என்று சொல்லிக்கொள்ளாமல் 'பதிவு செய்தவர்' என்றே போடச் சொன்ன மனிதர் அவர். இரைச்சலான குழுக்களோடு செய்த வேலைக்காகப் பெயர்பெற்றவர். அவர் கிரேமரின் எதிரொலியைத் துடைத்துவிட்டு, அறையின் காற்றை மட்டும் விட்டுவைத்தார். பிரஷ் தோலில் உரசுவது தெரிகிறது. வயலின்களும் பியானோவும் சேர்ந்தன, ஆனால் ஒன்றும் நெரியவில்லை. 2001 ஆல்பத்தின் கடைசிப் பாடலில் அவர்களுடைய கைக்குழந்தையின் மழலைக் குரல் நடுவில் வரும். தாய் பாடிக்கொண்டிருக்கும்போது குழந்தை தன்போக்கில் ஒலியெழுப்புகிறது. இதை விளக்கினால் கெட்டுவிடும், கேளுங்கள்.

ஆழம் யாருடையது என்ற உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. கேட்பவர் தம் துயரத்தை அங்கே வைக்கிறார் என்பது சரிதான். ஆனால் வைக்கத்தக்க அளவில் இடம் விட்டது அவர்களுடைய தேர்வு. அந்த இடத்தை வேறொன்றால் நிரப்பும் சலனம் ஒவ்வொரு பாடலிலும் அவர்களுக்கு வந்திருக்கும்.

ஆறாம்கட்டை:

நான் பெரும்பாலும் கர்நாடக இசை கேட்பவன். மெதுநடை இந்தக் குழுவை எனக்கு அறிமுகப்படுத்தினார். சவுக்க காலத்தில், அதாவது மிக மெதுவான காலத்தில், ஒரு கீர்த்தனையைப் பாடுவதோடு இதை ஒப்பிடலாம் என்று முதலில் நினைத்தேன். கேட்கக் கேட்க அந்த ஒப்புமை விலகிப்போயிற்று. நம் சவுக்க காலத்தில் இரண்டு அட்சரங்களுக்கு நடுவே உள்ள வெளி கமகத்தால் நிரம்பியிருக்கும். சுரம் அசைந்துகொண்டே இருக்கும், தம்பூரா பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். காலம் மெதுவாகும்போது உள்ளே நடக்கும் வேலை கூடுகிறது. லோவின் இசையில் அந்த வெளி உண்மையாகவே வெறுமையாக விடப்படுகிறது. சுரம் அசையாமல் நிற்கிறது, பிறகு தேய்கிறது.

எனக்கு இது தொடக்கத்தில் குறையாகப்பட்டது. முதல் ஆல்பத்தில் பத்து நிமிடத்தை நெருங்கும் ஒரு தாலாட்டு இருக்கிறதே, அதைக் கேட்டபோதுதான் மனம் மாறியது. பார்க்கரின் பாட்டு சிறிது நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்ச நேரமெல்லாம் கிட்டார், ஒரே வட்டத்தில், ஒவ்வொரு சுற்றிலும் இம்மியளவு ஓங்கி, பிறகு இம்மியளவு தணிந்து போகிறது. குழந்தை தூங்கிய பிறகும் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கும் கையை நினைத்துக்கொண்டேன்.

தோல்கருவி:

நீளமான பாடல் என்றதும் 2013 நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மினியாபொலிஸ் நகரில் வாக்கர் கலை மையத்தின் புல்வெளியில் ஆண்டுதோறும் நடந்த 'ராக் தி கார்டன்' விழாவில் அந்த ஜூன் மாதம் லோவும் வாசித்தது. மழை கொட்டி நிகழ்ச்சி நிரல் குலைந்த நாள். பல்லாயிரம் பேர் நனைந்து நின்றார்கள். லோ மேடையேறி, 1996 ஆல்பத்தில் இருக்கும் ஒரு பாடலைத் தொடங்கியது. ஒலித்தட்டிலேயே அது பதினான்கு நிமிடத்துக்கு மேல் நீளும். மேடையில் அதை இருபத்தேழு நிமிடம் நீட்டினார்கள். வேறு பாடலே இல்லை. முடிந்ததும் ஸ்பார்ஹாக் மூன்றே சொற்களைச் சொல்லிவிட்டு இறங்கினார். ஆங்கிலத்தில் இடைவிடாமல் நீளும் ஒற்றைச் சுருதிக்கும், ஆளில்லாமல் பறந்து குண்டு வீசும் விமானத்துக்கும் 'ட்ரோன்' என்ற ஒரே சொல்தான். அந்தச் சுருதி வேண்டும், அந்த விமானங்கள் வேண்டாம் என்பது அவர் சொன்னதன் பொருள்.

கூட்டத்தில் பாதிப் பேர் கோபப்பட்டார்கள், பாதிப் பேர் வாழ்நாளில் மறக்க மாட்டோம் என்றார்கள். காசு கொடுத்து வந்தவர்களுக்குப் பழகிய பாடல்களைக் கொடுக்காதது அவமதிப்பு என்ற வாதமும் எழுந்தது. அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. போர் விமானங்களைப் பற்றி ஒரு பாட்டு எழுதிப் பாடியிருந்தால் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். தலைக்கு மேல் ஓயாமல் ஒலிக்கும் ஒன்றின் கீழ் இருபத்தேழு நிமிடம் நிற்பது எப்படியிருக்கும் என்பதை அவர்கள் காட்டினார்கள். அந்த மூன்று சொற்களையே பெயராக வைத்து அதே நகரின் சீடர் பண்பாட்டு மையத்தில் இருபத்தெட்டு மணி நேரம் நிற்காமல் நீளும் ஒரு சுருதிக் கச்சேரி பிறகு தொடங்கி, பல ஆண்டுகள் நடந்தது.

இரைச்சல்விரும்பி சொன்ன கருத்தை இந்த நிகழ்ச்சியோடு சேர்த்துப் பார்க்கும்போது 2018 ஆல்பம் எனக்கு இப்போது சற்று விளங்குகிறது. 1996லேயே அந்தப் பாடலில் இரைச்சல் இருந்திருக்கிறது. மெல்லத் தொடங்கி, எப்போது சத்தமாக மாறியது என்று தெரியாமலே ஒரு சுவராக எழும்பி நிற்கும் பாடல் அது.

கடைசிப்பேருந்து:

மெதுநடை சொன்ன இரண்டு ஆல்பங்களையும் கேட்டுவிட்டு வந்தேன். 2001 ஆல்பம் என்னை அசைத்தது. 1999 ஆல்பம் அவ்வளவாக இல்லை. இரண்டு குரல்களைப் பற்றிச் சொன்னது சரி. முன்பு நான் வேகத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், அதனால் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது என்று இப்போது புரிகிறது.

ஆயினும் எனக்கு மிகவும் பிடித்தது 2005இல் வந்த 'தி கிரேட் டிஸ்ட்ராயர்' ஆல்பம்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. தயாரிப்பாளர் டேவ் ஃப்ரிட்மனோடு செய்தது, கிட்டார் முழங்குகிறது. பழைய ரசிகர்கள் பலர் அப்போது வருந்தினார்களாம். லெட் செப்பலின் பாடகர் ராபர்ட் பிளான்ட் 2010இல் தம் ஆல்பத்தில் அதிலிருந்து இரண்டு பாடல்களைப் பாடியிருக்கிறார். கூரையைப் பிளக்கும் குரலுக்குப் பெயர்பெற்றவர், இவர்களுடைய பாடல்களைப் பாடும்போது குரலைத் தாழ்த்தி, பாடகி பேட்டி கிரிஃபினின் குரலோடு ஒட்டிக்கொண்டு பாடுகிறார். லோவின் சத்தமான ஆல்பத்திலிருந்து எடுத்த பாடல்களைப் பாடும்போதே அவருக்கு அடக்கம் தேவைப்பட்டிருக்கிறது. இது உங்கள் பக்கத்துக்குத்தான் வலுச்சேர்க்கிறது, நேர்மையாகச் சொல்லிவிட்டேன்.

இரைச்சல்விரும்பி:

நல்ல கவனிப்பு. ஃப்ரிட்மனோடு 2007இல் செய்த 'டிரம்ஸ் அண்ட் கன்ஸ்' ஆல்பத்தையும் விட்டுவிட வேண்டாம். ஈராக் போர்க் காலத்து ஆல்பம். அதில் பெரும்பாலும் குரல் ஒரு பக்க ஒலிபெருக்கியில் மட்டும் வரும்படி வைத்திருக்கிறார்கள். செவியொலிப்பானில் கேட்டால் ஒரு காதில் மட்டும் யாரோ பேசுவதுபோல் இருக்கும். மற்றக் காது நீங்கள் பாதியைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். பாட்டை முழுதாகக் கொடுக்காமல் தடுத்து வைக்கிறார்கள் என்று முன்பு சொன்னேனே, அதற்கு இன்னொரு வடிவம் இது.

'ஹே வாட்' பற்றியும் சொல்லிவிட வேண்டும். 'டபுள் நெகட்டிவ்' குரலை மூழ்கடித்தது என்றால் 'ஹே வாட்' குரலை இரைச்சலுக்கு வெளியே எடுத்து, துல்லியமாக, துணையில்லாமல் நிறுத்தியது. ஒரு பாடல் இருவரும் கருவித் துணையின்றிச் சேர்ந்து பாடுவதோடு தொடங்கும். சில வரிகளுக்குப் பின் அதே குரல்கள் கருவியின் தாங்கும் எல்லையைத் தாண்டிச் சிதறும். ஆனால் அவர்கள் பாடும் முறை சற்றும் மாறாது. சுற்றிலும் எல்லாம் உடையும்போது நிதானமாகப் பாடிக்கொண்டிருப்பது எத்தகைய அடக்கம் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த ஆல்பம் ஒலிப்பதிவு நேர்த்திக்காக கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. டிரம்ஸ் அதில் பெரும்பாலும் இல்லவே இல்லை. கடைசிப் பாடலில்தான் அது முழுமையாக வந்து சேர்கிறது.

அப்போது பார்க்கர் நோயுற்றிருந்தார் என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. 2020 டிசம்பரில் சினைப்பைப் புற்றுநோய் என்று கண்டறிந்திருக்கிறார்கள். 2022 நவம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார்.

ஆறாம்கட்டை:

அந்தச் செய்தியை அறியாமலேதான் நான் கடைசி ஆல்பத்தைக் கேட்டேன். இப்போது அந்தக் கடைசிப் பாடலில் டிரம்ஸ் நுழையும் இடத்தை என்னால் முன்போல் கேட்க முடியாது. ஒரு கேள்வி: அவருக்குப் பிறகு குழு தொடர்ந்ததா?

மெதுநடை:

இல்லை. லோ அத்தோடு நின்றது. இரண்டு குரல்கள்தான் அந்தக் குழு என்று நாம் மேலே பேசியதெல்லாம் உண்மையானால் அது தொடர்ந்திருக்கவும் முடியாது.

ஸ்பார்ஹாக் தனியாக இசைப்பதை நிறுத்தவில்லை. 2024இல் 'வொய்ட் ரோஸஸ், மை காட்' என்ற தலைப்பில் ஓர் ஆல்பம் வந்தது. அதைக் கேட்டபோது எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. முழுவதும் மின்னணுத் தாளம். அவருடைய குரலைச் சுருதி மாற்றும் கருவிக்குள் செலுத்தி, அடையாளமே தெரியாதபடி மேலே ஏற்றியிருக்கிறார். முப்பது ஆண்டுகளாக நாம் பழகியிருந்த குரல் அதில் இல்லை. சில வாரம் அதை ஒதுக்கி வைத்தேன். பிறகு ஒரு நாள் தோன்றியது: அருகில் நின்ற குரல் போன பிறகு தம் குரலைத் தனியாகக் கேட்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? எப்போதும் இருவரில் ஒருவராகவே ஒலித்த குரல் அது. அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை; எனக்கு அப்படிக் கேட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு, 2025இல், துலூத் நகரைச் சேர்ந்த டிராம்பிள்ட் பை டர்ட்டில்ஸ் என்ற நாட்டுப்புற இசைக்குழுவோடு சேர்ந்து இன்னோர் ஆல்பம் வெளியிட்டார். பாஞ்சோ, மாண்டலின், வயலின், செல்லோ என்று எல்லாமே மரமும் நரம்பும். குரல் மறுபடி அவருடைய குரலாகவே வருகிறது, சற்று முதுமை ஏறி. அதில் ஒரு பாடலில் அவரோடு ஒரு பெண்குரல் சேர்கிறது. 2001 ஆல்பத்தின் கடைசிப் பாடலில் கைக்குழந்தையாக ஒலியெழுப்பினாள் என்று முன்பு சொன்னேனே, அந்த மகள். அதிர்வு சேர்க்காத, நேராக எழுந்து நேராக நிற்கும் குரல். கடைசிப்பேருந்துக்கும் ஆறாம்கட்டைக்கும் என் வேண்டுகோள் இதுதான்: முதலில் அந்த 2001 பாடலைக் கேளுங்கள், உடனே இதைக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் வேறெதையும் ஒலிக்க விடாதீர்கள்.